சுவரில் ஒட்டிய காகிதம்

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'உஷ் டீச்சர்'. வகுப்புக்குள் காலை வைக்கும்போதே உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றபடிதான் வருவாள். அதற்கப்புறம் அந்த மூன்றாம் வகுப்பில் ஈ பறந்தாலும் கேட்கும். இருபத்திரண்டு வருடமாக அதே வகுப்பு, அதே அறை, அதே உஷ். ஹெட்மாஸ்டர் மற்ற டீச்சர்களிடம், "அந்தம்மா வகுப்பைப் போய்ப் பாருங்க, உள்ள ஆள் இருக்கிறதே தெரியாது" என்று பெருமையாகச் சொல்லுவார். கண்டிப்பான டீச்சர் என்று பெயர். உள்ளே இருந்தது முழுக்க முழுக்கப் பயம். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். நாய், ஊசி, டெலிபோன் மணி, மூடி துள்ளும் பாத்திரம், எதைக் கண்டாலும் ஒரு நடுக்கம். அவளுடைய புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில், தான் பழுது பார்த்த லிஃப்டில் அவளை ஆசையாக ஏழாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பும்போது அவள் படிக்கட்டில்தான் இறங்கி வந்தாள். இன்றைக்கும் விருந்தாளி யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டான்.

ஆனால் நாயும் லிஃப்டும் ஒன்றுமே இல்லை. ஒரு பிள்ளை கையைத் தூக்கும் அந்த நொடிதான் அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். என்ன கேட்கப்போகிறதோ? பதில் தெரியாவிட்டால்? எட்டு வயசுப் பிள்ளைகள் முன்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பதா? அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். "அது அடுத்த வகுப்புல வரும், உக்காரு." நாலாம் வகுப்பு டீச்சர் ஒரு நாள், "எல்லாத்தையும் என் தலையில கட்டுறீங்களே, நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படி இருந்தவளைத்தான் புதுமுறைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள். பயிற்சி கொடுத்தவள் இவள் மகள் வயதுப் பெண். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்க வழுக்க, அதை மேலே தள்ளிவிட்டுக்கொண்டே பேசினாள்.

"தலைப்பு வேற, கருத்து வேற. வண்ணத்துப்பூச்சி ஒரு தலைப்பு. மாற்றம்கிறது கருத்து. வண்ணத்துப்பூச்சியைப் பத்திப் பத்து வரி மனப்பாடம் பண்ணா, அது வண்ணத்துப்பூச்சிக்கு மட்டும்தான் உதவும். எல்லாம் மாறுது, சிலது கண்ணுக்குத் தெரியாம மாறுது, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு பிள்ளை யோசிக்கக் கத்துக்கிட்டா, அது எதுக்கும் உதவும். கேள்வியைப் பிள்ளைங்க கேக்கட்டும். தேடறதும் அவங்களே."

இவள் கடைசி வரிசையிலிருந்து மெதுவாகக் கேட்டாள். "நமக்குப் பதில் தெரியலைன்னா?"

"தெரியலைன்னு சொல்லுங்க. அப்புறம், 'எப்படிக் கண்டுபிடிக்கலாம்?'னு அவங்களையே கேளுங்க."

மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். இவள் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து புருஷனிடம், "ஏங்க, பேசாம வேலையை விட்டுரட்டுமா?" என்றாள்.

"இருபத்திரண்டு வருஷம் நீ கேள்வி கேட்ட. இப்ப அவங்க முறை, கேட்டுட்டுப் போகட்டுமே" என்றான் அவன். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

முதல் நாள். கரும்பலகையில் 'மாற்றம்' என்று எழுதிவிட்டு, தூக்கு மேடைக்குப் போகிறவள் மாதிரி திரும்பி நின்று, "இதைப் பத்தி என்ன வேணா கேளுங்க" என்றாள். முப்பத்தொரு பிள்ளைகளும் அசையவில்லை. இது ஏதோ தண்டனைக்கு முன்னோட்டம் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு ஒரு கை எழுந்தது. அப்புறம் அணை உடைந்தது.

"நகம் வெட்டினா ஏன் வலிக்கல?" "ஐஸ் உருகினா எடை குறையுமா?" "நேத்து இருந்த நானும் இன்னைக்கு இருக்கிற நானும் ஒண்ணா?" "செத்துப்போறதும் மாற்றமா டீச்சர்?"

ஒவ்வொன்றையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். எழுதும்போது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அடுத்த படி, குழுக் குழுவாகப் பிரிந்து ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது மாறுகிறதா என்று நான்கு வாரம் பார்க்க வேண்டும். ஒரு குழு தண்ணீரில் போட்ட ஆணியை எடுத்துக்கொண்டது. ஒரு குழு கொடிக்கம்பத்தின் நிழலை. இன்னொரு குழு, தங்களில் ஒருவனின் ஆடும் பல்லை. கடைசி பெஞ்சில் நான்கு பேர். அவர்களுக்குத் தலைவி ஒரு ஒல்லிக்குச்சிப் பெண். எதற்கெடுத்தாலும் கழுத்தைச் சாய்த்து "ஏன்?" என்பதால் அவளைக் 'கேள்விக்குறி' என்றுதான் வகுப்பே கூப்பிட்டது. எழுந்து போகச் சோம்பல்பட்டோ என்னவோ, அவர்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த சுவர் விரிசலை எடுத்துக்கொண்டார்கள்.

ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரையைப் பார்த்துச் சாய்வாக இறங்கும் விரிசல். தலைமுடி அளவு. இவளும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். சுவர் மாறாது, இவர்களுக்கு வேலை இருக்காது, நமக்கும் தொல்லை இல்லை என்று உள்ளூர மகிழ்ந்தாள்.

கேள்விக்குறி விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள். ஐந்தாம் நாள் வந்து நின்றாள்.

"டீச்சர், விரிசல் கோட்டைத் தாண்டிடுச்சு."

"சரியாப் போட்டிருக்கமாட்ட."

"போட்டேன் டீச்சர். நாலு பேரும் பார்த்தோம்."

போய்ப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது. "தெரியல" என்று வாய் தானாகச் சொன்னது. பயிற்சியில் சொன்ன அடுத்த வரியும் பின்னாலேயே வந்தது. "நிச்சயமா எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். நோட்டுத் தாளில் ஒரு பட்டை வெட்டி விரிசலின் குறுக்கே ஒட்டுவோம், விரிசல் விரிந்தால் தாள் கிழியும் என்றது ஒன்று. "யாராவது கையால கிழிச்சிருந்தா?" என்றது இன்னொன்று. அப்படியானால் நல்ல சுவரிலும் ஒரு பட்டை ஒட்டுவோம், கை பட்டுக் கிழிவதாக இருந்தால் இரண்டும்தானே கிழியும் என்றாள் கேள்விக்குறி. எட்டு வயசு. டீச்சர் பிரமித்துப் போனாள். அந்தப் பிரமிப்புக்கு அடியிலும் பயம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று நாளில் விரிசல் மேல் இருந்த பட்டை, கத்திரியால் வெட்டின மாதிரி நேர்க்கோட்டில் கிழிந்தது. நல்ல சுவரில் ஒட்டினது அப்படியே இருந்தது. பிள்ளைகள் குதித்தார்கள். அகலம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஸ்கேலில் அவ்வளவு சின்ன அளவு இல்லை. எனவே நோட்டுத் தாள்களைச் சேர்த்து உள்ளே செருகி எண்ணினார்கள். முதல் வாரம் ஒரு தாள். இரண்டாம் வாரம் மூன்று. மூன்றாம் வாரம் ஏழு. சார்ட்டில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு எழுதினார்கள். வகுப்பிலேயே வேகமாக மாறுவது எங்கள் பொருள்தான் என்று நான்கு பேருக்கும் தலைகால் புரியவில்லை. ஆணிக் குழுவுக்குப் பொறாமை.

டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போதே கண் அந்த மூலைக்குப் போகும். பெஞ்ச் கிறீச்சிட்டால் திடுக்கிடுவாள். ஜன்னல் கதவு ஒரு நாள் பொருந்தி மூடவில்லை. ஈரத்தில் ஊதியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

துணிச்சலைத் திரட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்திலிருந்து போன் வந்தால் நின்றுகொண்டு பேசுகிறவர்.

"பூச்சு விரிசல் டீச்சர். மூஞ்சின்னா சுருக்கம் விழும், சுவருன்னா விரிசல் விழும். இதுக்குப் போயா?"

"பிள்ளைங்க அளந்திருக்காங்க சார். ஏழு தாள்..."

"தாளா? தாள் வச்சுக் கட்டடத்தை அளந்த ஆளை இப்பத்தான் கேள்விப்படறேன்." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு வாரத்துல புதுமுறை வகுப்பைப் பார்க்க மேலேர்ந்து ஆள் வர்றாங்க. அதுக்குள்ள பூசிடச் சொல்றேன்."

கொத்தனார் வந்தார். விரிசலில் சிமெண்டை அப்பி, மேலே வெள்ளையடித்துவிட்டுப் போனார். மூலை பளிச்சென்று ஆனது. அன்றைக்கு டீச்சர் வயிறாரச் சாப்பிட்டாள். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே போதுமானதாக இருந்தது. கேள்விக்குறிக்கு மட்டும் ஆத்திரம். "எங்க பாடத்தைப் பூசிட்டாங்க டீச்சர்!" என்று கண் கலங்கினாள். பிறகு, கேட்காமலே, புது வெள்ளை மேல் ஒரு பட்டையை ஒட்டினாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை கொட்டியது. திங்கட்கிழமை டீச்சர் எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்தாள். வகுப்பைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

பட்டை கிழிந்து இரண்டு துண்டும் விலகி நின்றன. நடுவில் புதுச் சிமெண்ட் பிளந்து, உள்ளே கறுப்பாக ஒரு கோடு. சுண்டு விரல் நுழையும். கிட்டே போனபோது ஈர மண் வாடை அடித்தது. ஹெட்மாஸ்டரிடம் மறுபடி போக வேண்டும். அவர் மறுபடி சிரிப்பார். பார்க்க வருகிறவர்கள் முன்னால் அவருக்குத் தலைகுனிவு. பிள்ளைகள் பார்த்தால் வீட்டில் சொல்லுவார்கள். பெற்றோர் வந்து சத்தம் போடுவார்கள். யார் கிளப்பிவிட்டது என்று கேட்பார்கள்.

அப்புறம் அவள் செய்ததை, பல வருடம் கழித்துச் சொன்னபோதும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அதே அகலத்தில் ஒரு பட்டை வெட்டினாள். கிழிந்த துண்டுகளை உரித்துக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, புதுப் பட்டையை அந்தப் பிளவின் மேல் ஒட்டினாள். பட்டைக்கு மேலே மிச்சமிருந்த பிளவை மறைக்கப் பிள்ளைகளின் சார்ட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டினாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். கேள்விக்குறி பையைக்கூடக் கழற்றாமல் நேரே சுவரிடம் போனாள். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.

"டீச்சர், இது எங்க பட்டை இல்ல."

"அதேதான். உக்காரு."

"எங்க பட்டையில தேதி எழுதியிருப்போம். இதுல தேதி இல்ல." திரும்பி வகுப்பைப் பார்த்தாள். "யாரு மாத்துனது?"

ஒவ்வொருவராக, நான் இல்லை, நான் இல்லை என்று தலையாட்டினார்கள். ஆணிக் குழுப் பையன் ஒருவன் மேல் எல்லாக் கண்ணும் போயிற்று. முந்தின வாரம் விரிசல் குழுவோடு சண்டை போட்டவன். "நான் இல்லடி, சத்தியமா" என்று அவன் அழுகைக்குத் தயாரானான். டீச்சர் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் மாத்தினேன்" என்றாள்.

முப்பத்தொரு முகங்கள். உஷ் என்று சொல்லாமலே அப்படி ஓர் அமைதி.

"ஏன் டீச்சர்?"

"பயமா இருந்துச்சு."

"எதைப் பார்த்து?"

பேச்சை மாற்ற ஆயிரம் வழி அவளுக்குத் தெரியும். ஒன்றும் வரவில்லை. "சுவரைப் பார்த்துத்தான்" என்றாள்.

கேள்விக்குறி சுவரைப் பார்த்தாள், தன் பெஞ்சைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். அந்தக் குரலில் குறும்பே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப நாம ஏன் உள்ள உக்காந்திருக்கோம்?"

டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பையை எடுத்துக்குங்க. ஓடக் கூடாது. அந்த மூலைப் பக்கம் யாரும் போகாம, வரிசையா வாசலுக்கு வாங்க" என்றாள். கடைசிப் பிள்ளை வெளியே போகும் வரை உள்ளேயே நின்றாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் மூச்சு விட்டாளா என்பது அவளுக்கே தெரியாது. சார்ட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து, சைக்கிள் கொட்டகையில் பிள்ளைகளை உட்கார வைத்தாள்.

ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். "யாரைக் கேட்டு வெளிய கொண்டாந்தீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"உள்ள கூட்டிட்டுப் போங்க டீச்சர். சொல்றதைக் கேளுங்க."

"மாட்டேன் சார்" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, அடிக்கப்போகிறார் என்பது போலத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் விறுவிறுவென்று திரும்பிப் போனார். மத்தியானம் மெமோ வந்தது. அனுமதியின்றி வகுப்பறையைக் காலி செய்தது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

அந்த மூன்று நாளும் அவளுக்கு நரகம். விளக்கம் எழுத உட்கார்ந்தால் வேலை போய்விடும் என்ற எண்ணம்தான் முன்னால் வந்து நிற்கும். நான்கு பக்கம் எழுதிக் கிழித்தாள். புருஷன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "லிஃப்ட் கயித்துல ஒரு இழை அந்திருந்தா நான் பூட்டிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். யாரு திட்டினாலும் சரி. அதையே எழுது" என்றான். கடைசியில் அவள் எழுதியது இரண்டு வரி. சுவர் நகர்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளை நகர்த்திவிட்டேன்.

இதற்குள் பிள்ளைகள் வீட்டில் சொல்லி, பெற்றோர் நாலைந்து பேர் வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். அவர்கள் தொல்லை தாங்காமல் ஹெட்மாஸ்டர் இன்ஜினியரை வரவழைத்தார். நான்காம் நாள் வந்தவர், கொட்டகை வழியாகத்தான் போனார். கொட்டகைத் தூணில் தொங்கிய சார்ட்டைப் பார்த்து நின்றார்.

"தேதி போட்டு இந்த அளவை யாரு எடுத்தது?"

கடைசி வரிசையில் நான்கு கைகள் உயர்ந்தன. "ஏழு தாள்னா, எந்த நோட்டுத் தாள்?" என்று கேட்டார். கேள்விக்குறி நோட்டைக் கொடுத்தாள். அவர் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு அறைக்குள் போனார். சுத்தியலால் தட்டினார். பின்பக்கம் போய் மண்ணைக் குத்திப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாய் மண்ணுக்கடியில் எத்தனையோ மாதமாக ஒழுகி, அஸ்திவாரத்தின் ஒரு மூலைக்கடியில் இருந்த மண்ணையே கரைத்துக்கொண்டு போயிருந்தது. வெளியே வந்தவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"இந்த ரூமை இப்பவே பூட்டுங்க. பக்கத்து ரூமையும். இந்தப் பக்கம் ஒரு பிள்ளை வரக் கூடாது" என்றார்.

முட்டுக் கொடுக்க மரம் வந்தது. கூரை ஓடுகளைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். ஒன்பதாம் நாள், காலை பதினொன்று இருபது, கொட்டகையில் கணக்குப் பாடம். வேலையாட்கள் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள். முதலில் யாரோ கனமான துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம். பிறகு தரை அதிர்ந்தது. மூலைச் சுவர் ஜன்னலோடு உள்பக்கமாக உட்கார்ந்தது. தூசி கிளம்பிக் கொடிக்கம்பம் வரை மறைத்தது.

டீச்சர் பிள்ளைகளை எண்ணினாள். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்று. ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நிறுத்த முடியவில்லை. கடைசி பெஞ்ச் இருந்த இடத்தில் என்ன கிடக்கிறது என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஹெட்மாஸ்டர் எங்கிருந்தோ வந்து சைக்கிள் ஸ்டாண்டில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எத்தனை பேரு டீச்சர்?"

"முப்பத்தொண்ணு சார்."

"சரியா எண்ணினீங்களா?"

"எண்ணிக்கிட்டேதான் சார் இருக்கேன்."

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அப்புறம் பல நாள் கழித்து, மெமோவை வாபஸ் வாங்கலாம்தான், ஆனால் ஃபைல் நம்பர் போட்டாகிவிட்டதே என்று அவளிடம் வருத்தப்பட்டார். அது இன்னும் அவள் கோப்பில்தான் இருக்கிறது. பார்வையாளர்கள் வந்தார்கள், கொட்டகையில் அரை மணி நேரம் இருந்தார்கள், காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சம்பவம் அவளைத் தைரியசாலி ஆக்கிவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பிள்ளை கை தூக்கினால் இப்போதும் பயம்தான். சினிமாவுக்குப் போனாலும் வாசல் பக்கத்துச் சீட்டுத்தான் வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் மாறியது. பயம் வந்தால் அதை மூடி வைக்காமல், அது எதைப் பார்த்து வருகிறது என்று எழுந்து போய்ப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

வருடக் கடைசியில் ஒரு நாள் கேள்விக்குறியின் அம்மா பள்ளிக்கு வந்தாள். தையல் ஃபேக்டரியில் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஏதோ பெரிதாகச் சொல்ல வந்தவள் மாதிரி டீச்சரின் கையைப் பிடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பேச்சைத் தொடங்கினாள்.

"வீட்டுல ஒரு சுவர் விடறதில்ல டீச்சர். எங்க பார்த்தாலும் பேப்பரை ஒட்டி தேதி போட்டு வச்சிருக்கா. ஓனர் வந்து கத்திட்டுப் போறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா."

டீச்சரின் முகம் வெளிறியது. "எதுவும் கிழிஞ்சுதா?"

"ஐயோ, இதுவரைக்கும் இல்ல."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"தினமும் அவ பார்க்கிறா, டீச்சர்."

"அப்ப ஓனர் கத்தட்டும். பேப்பர் இருக்கட்டும்" என்றாள் டீச்சர்.